அபினிக்கடையிலிருந்து சிகிச்சை மையம் வரை: அரசின் கொள்கையும் தென்காசி மாவட்டமும்

முன்னுரை

ஒரு மருந்து நோயாளியைச் சென்றடைவதைச் சட்டமும் தூரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அபினிவகைப் பொருள்களுக்கு அடிமையானோர்க்கான சிகிச்சையில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகிறது. தென்காசி, குற்றாலம் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

விற்பனையும் தடையும்

1878ஆம் ஆண்டு அபினிச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற கடைகளில் அபினி விற்கப்பட்டது. 1895இல் அறிக்கை அளித்த அரச ஆணையமும் தடையைப் பரிந்துரைக்கவில்லை. விடுதலைக்குப்பின், 1949இல் கூடிய அனைத்திந்திய அபினி மாநாடு பத்தாண்டுகளில் இவ்விற்பனையை நிறுத்த முடிவு செய்தது. 1959இல் அது நின்றது. பதிவு செய்யப்பட்ட அடிமைகட்கு மட்டும் விலக்கு இருந்தது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கடுந்தண்டனைகளை விதித்தது. சிகிச்சை மையங்களைப் பற்றி அதன் 71ஆம் பிரிவு பேசுகிறது. ஆயினும் அரசு அவற்றை ‘அமைக்கலாம்’ என்கிறதேயன்றி, ‘அமைத்தல் வேண்டும்’ என்று கூறவில்லை.

மருந்தும் தூரமும்

புப்ரெனார்பின், மெதடோன் ஆகியவற்றை உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் அடிமைநிலைச் சிகிச்சைக்கான புப்ரெனார்பின் மாத்திரை, போதைநீக்க மையங்களுக்கும் அவ்வசதியுடைய மருத்துவமனைகளுக்குமே வழங்கப்படுகிறது. ஊர் மருந்துக்கடையில் கிடைப்பதன்று. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மாற்றுமருந்துச் சிகிச்சையோ, ஊசிவழி ஏற்றிக்கொள்வோரையே முதன்மையாகக் கருதியது. அவர்கள் நாள்தோறும் மையத்திற்கு வந்து, பணியாளர் முன்னிலையில் மருந்தை உட்கொள்ள வேண்டியிருந்தது. எனவே வலிநிவாரண மாத்திரைக்கு அடிமையானவர் இத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

2019 வரை தென்காசிக்கு மாவட்டத் தலைநகர் 50 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருநெல்வேலியாகும். மாவட்டத் தலைநகரில் மட்டும் மையம் அமையுமாயின், குற்றாலத்துக் கூலித்தொழிலாளிக்கு நாள்தோறும் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமும் ஒருநாள் கூலியிழப்பும் நேரும். அந்நிலையில் சட்டம் மறுக்காததைத் தூரம் மறுத்துவிடும்.

மாவட்டம் என்னும் அளவுகோல்

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், போதைப்பொருளால் விளையும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொணர்ந்தது. அதன் 18ஆம் பிரிவு சிகிச்சையை உரிமையாக்குகிறது. குறைந்தளவு மனநலச் சேவைகள் ஒருவர் வாழும் மாவட்டத்தில் இல்லையெனில், அம்மாவட்டத்தின் பிற மனநல நிலையத்தில் பெறும் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்க வேண்டும் என்கிறது. ஆகவே 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது நிர்வாக மாற்றமாக மட்டும் அமையவில்லை. திருநெல்வேலியிலுள்ள வசதியைக் காட்டித் தென்காசியின் தேவை நிறைவேறியதாகக் கொள்ள இனி இடமில்லை.

முடிவுரை

‘அமைக்கலாம்’ என்னும் சொல்லிலிருந்து ‘உரிமை’ என்னும் சொல்லுக்குச் சட்டம் நகர்ந்துள்ளது. அபினியை ஊர்க்கடை வரை கொண்டுசேர்த்த அரசுக்கு, மருந்தை ஊர் மருத்துவமனை வரை கொண்டுசேர்க்கும் கடமையும் உண்டு என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.