முகவரிப் பட்டியலும் முந்நூறு புட்டிகளும்

திராட்சை மதுவின் வரலாற்றை அரசர்தம் விருந்து மண்டபங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். அரிய மது யார் கையை அடைகிறது என்னும் வினா பழைமையானது. புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகுவதை நக்கீரர் குறிக்கின்றார். கடல் கடந்து வந்த அப்பொருள் அரண்மனைக்கே உரியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் கலிபோர்னியாவில் அதே வினாவுக்கு வேறொரு விடை பிறந்தது. அரண்மனையும் கடைத்தெருவும் அல்லாத அவ்விடை, சில நூறு பெயர்கள் எழுதப்பட்ட ஒரு முகவரிப் பட்டியலாகும்.

குடியைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒன்றைச் சிறிய அளவில் செம்மையாகச் செய்வோர்க்கும் அதனைத் தேடி வாங்குவோர்க்கும் இடையே ஓர் உறவு எவ்வாறு உருவாயிற்று, பின்னர் அது எவ்வாறு திரிந்தது என்று காண்பதே நோக்கம்.

தடைச் சட்டத்தின் எச்சம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1920ஆம் ஆண்டு சனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சமயச் சடங்குக்கான மதுவும், வீட்டளவில் செய்துகொள்ளும் திராட்சைச் சாறும் விலக்குப் பெற்றன. எஞ்சிய ஆலைகளுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. தொலைதூர நகரங்களுக்குப் புகைவண்டியில் அழுகாமல் செல்லத்தக்க தடித்த தோலுடைய திராட்சை வகைகளே தோட்டங்களில் பெருகின. 1933 திசம்பரில் 21ஆம் சட்டத் திருத்தம் விலக்கை நீக்கியபோது, நல்ல திராட்சையும் பயின்ற கைகளும் ஒருசேரக் குறைந்திருந்தன.

அத்திருத்தம் மற்றொன்றையும் செய்தது. மதுவை எவ்வாறு விற்பது, எவ்வாறு கொண்டுவருவது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு வழங்கியது. அதன் விளைவாகப் பெரும்பாலான மாநிலங்களில் மூன்று படிகள் கொண்ட விற்பனை முறை நிலைபெற்றது. ஆலையார் மொத்த வணிகருக்கு விற்க வேண்டும். மொத்த வணிகர் கடைக்காரருக்கு விற்க வேண்டும். கடைக்காரரிடமே மக்கள் வாங்க வேண்டும். பேராலைகளுக்கு இம்முறை ஏற்றதாயிற்று. சிற்றாலையின் நிலை வேறு. சில நூறு பெட்டிகளே உடைய ஒருவருக்காக மொத்த வணிகர் தம் வண்டியை அனுப்புவதில்லை. அனுப்பினாலும் இருவர் இலாபமும் விலையில் ஏறிவிடும். கலிபோர்னியா மாநிலத்திலோ ஆலை தன் மதுவை வாங்குவோர்க்கு நேரடியாகவே விற்க இசைவு இருந்தது. முகவரிப் பட்டியல் என்னும் வழக்கம் அந்தச் சிறிய வாயிலின் வழியாகவே நுழைந்தது.

ஆட்டுப் பண்ணையில் எழுந்த தோட்டம்

நாபாப் பள்ளத்தாக்கின் மேற்கு மலைச்சரிவில் இருந்த ஓர் ஆட்டுப் பண்ணையை பிரெட் மக்ரே, எலினார் மக்ரே என்னும் இணையர் 1943இல் வாங்கினர். விடுமுறைக் கால இல்லமாகத்தான் முதலில் கருதினர். பிரெட் மக்ரே சான் பிரான்சிஸ்கோ நகரில் விளம்பரத் துறையில் பணியாற்றியவர். கலிபோர்னியாவில் மிகச் சிலரே அந்நாளில் பயிரிட்ட சார்டனே என்னும் வெள்ளைத் திராட்சையை அவர்கள் நட்டனர். ஸ்டோனி ஹில் என்று பெயரிட்ட அவ்வாலையின் முதல் அறுவடை ஆண்டு 1952. அதன் மது பெரிதும் கடைகளின் வழியே செல்லவில்லை. நண்பர்க்கும், நண்பர்தம் நண்பர்க்கும் மடல் எழுதினர். மடல் பெற்றோர் வேண்டிய அளவைக் குறித்துப் பணம் அனுப்பினர்.

விளம்பரத்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் தம் சொந்தப் பொருளை விளம்பரமின்றி விற்றார் என்பது கருதத்தக்கது. மடல் எழுதுபவர் எவரென்று வாங்குபவர் அறிவார். மலை எங்கே உள்ளது, அவ்வாண்டு மழை எப்படி என்பதையும் அறிவார். குறை நேர்ந்தால் எவரிடம் கேட்பது என்னும் ஐயமும் இல்லை. 1977இல் பிரெட் மறைந்த பின்னரும் எலினார் ஆலையைத் தொடர்ந்து நடத்தினார். பட்டியலின் முதற்பருவம் இதுவே. பெயரளவில் அது விற்பனை முறை. உள்ளபடி அது அறிமுகத்தின் வழிவந்த நம்பிக்கை.

நாளிதழ் அச்சகத்திலிருந்து வந்தவர்

இரண்டாம் பருவத்தைச் சொனோமா மாவட்டத்தின் ரஷ்யன் ஆற்றுப் பகுதியில் காண்கிறோம். நாளிதழ் அச்சகத்தில் பணியாற்றிய பர்ட் வில்லியம்சும், மளிகைக் கடையொன்றில் மது கொள்முதல் பார்த்த எட் செலியமும் 1979இல் வார இறுதி நாள்களில், ஒரு வண்டிக்கொட்டகையில் மது செய்யத் தொடங்கினர். பயின்ற வல்லுநர் அல்லர். பெரும் முதலும் இல்லை. பால் பண்ணையார் கழித்த பழைய எஃகுத் தொட்டிகளில் திராட்சையை நொதிக்க வைத்தனர். வணிகத்துக்கான முதல் மது 1981ஆம் ஆண்டு அறுவடையில் பிறந்தது.

அவர்கள் தேர்ந்தது பினோ நுவார் என்னும் கருந்திராட்சை. தோல் மெலிந்தது, வெப்பம் மிகுந்தால் மணம் இழப்பது, கையாளும் முறை சற்றே பிசகினாலும் கெடுவது. கடலிலிருந்து ஆற்றின் வழியே ஏறிவரும் மூடுபனி அதற்குக் குளிர்ச்சி தந்தது. ரோக்கியோலி தோட்டத்துத் திராட்சையில் செய்த அவர்களது 1985ஆம் ஆண்டு மது, 1987இல் கலிபோர்னிய மாநிலப் பொருட்காட்சியில் தலைமைப் பரிசு பெற்றது. அதன்பின் பட்டியலில் இடம் கேட்டோர் பெருகினர், மதுவோ பெருகவில்லை. ஆகவே காத்திருப்போர் பட்டியல் என்னும் இரண்டாவது பட்டியல் தோன்றிற்று. 1998இல் ஆலை ஜான் டைசன் என்பவருக்கு விற்கப்பட்டது. விற்ற பொருள்களுள் கட்டடத்தையும் தொட்டிகளையும்விட அந்தப் பெயர்ப் பட்டியல் மதிப்புக் குறைந்தது என்று எவரும் கூறார்.

வேலி மதிலானமை

இயற்கையான அருமை வேறு. வருவிக்கப்பட்ட அருமை வேறு. வழக்கமான ஓக் மரப்பீப்பாய் ஒன்று 225 லிட்டர் கொள்ளும். அது 300 புட்டிகள், அதாவது 12 புட்டிகள் கொண்ட 25 பெட்டிகள். ஒரு டன் திராட்சை ஏறக்குறைய 700 புட்டிகள் தரும். சிறிய தோட்டம் சில பீப்பாய்களுக்கு மேல் நிரப்ப முடியாது என்பது மண்ணின் கணக்கு. இக்கணக்கின்மேல் புகழின் கணக்கு ஏறும்போதே சிக்கல் தோன்றுகிறது.

1976ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், பாரிசில் நடந்த மறைப்புச் சுவைத்தேர்வில் கலிபோர்னிய மதுக்கள் பிரெஞ்சு மதுக்களை வென்றன. இரண்டாண்டுகள் கழித்து ராபர்ட் பார்க்கர் என்னும் வழக்கறிஞர், விளம்பரம் ஏற்காமல் சந்தாவால் நடந்த ஒரு மடலிதழைத் தொடங்கி, மதுக்களுக்கு 100க்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டார். ஜீன் பிலிப்ஸ் என்ற பெண்மணி 1986இல் ஓக்வில் ஊரில் 57 ஏக்கர் நிலம் வாங்கி, திராட்சையின் பெரும்பகுதியைப் பிற ஆலைகளுக்கு விற்றுவந்தார். சிறு பகுதியைக் கொண்டு 1992இல் தம் பெயருக்கென மது செய்தார். ஸ்க்ரீமிங் ஈகிள் எனப்பட்ட அம்மது 1995இல் வெளிவந்தபோது 200 பெட்டிகளுக்கும் குறைவே. பார்க்கர் அளித்தது 99 மதிப்பெண். 2000ஆம் ஆண்டில் நாபா அறக்கொடை ஏலத்தில், எட்டுப் புட்டி அளவுள்ள 6 லிட்டர்ப் பெரும்புட்டி ஒன்று ஐந்து இலட்சம் டாலருக்குப் போயிற்று. பணம் நற்பணிக்கே சென்றது எனினும், அந்த எண் எல்லார் நினைவிலும் தங்கிவிட்டது. 2006இல் அவ்வாலையும் கைமாறிற்று.

இதன்பின் பட்டியலில் பெயர் இருப்பதே ஒரு சொத்தாயிற்று. ஆண்டுக்கு மூன்று புட்டிகள் எனப் பங்கு வரும். வேண்டாம் என்றால் அடுத்த ஆண்டு பெயர் நீக்கப்படலாம். ஆகவே வேண்டாதாரும் வாங்கினர். அவருட் சிலர் பெட்டியைப் பிரிக்காமலே ஏலத்துக்கு அனுப்பினர். உழைத்தவர் பெறாத இலாபத்தை இடையில் நின்றவர் பெற்றார். மொத்த வணிகரைத் தவிர்க்கப் பிறந்த ஒரு முறை, முகம் தெரியாத புதிய இடைத்தரகரைத் தானே ஈன்றது. 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவில் பலர் பட்டியல்களிலிருந்து விலகினர். அவர்களை அங்கு நிறுத்தியிருந்தது சுவையன்று என்பது அப்போது விளங்கிற்று.

சுவைஞர்தம் உரையாடல்

எனினும் சுவைஞர் அனைவரையும் ஒரே கோலால் அளத்தல் முறையன்று. சிற்றாலையின் மடல் வந்தவுடன் அவர்கள் தம்முள் பேசிக்கொள்வனவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, பங்கு பற்றியது. எனக்கு மூன்று, உனக்கு எத்தனை என்னும் வினாவில் பொறாமையும் உண்டு, பகிர்வும் உண்டு. ஒருவர் பெயரில் வரும் பங்கை நால்வர் விலை கொடுத்துப் பிரித்துக்கொள்வது பரவலான வழக்கம்.

இரண்டாவது, காலம் பற்றியது. வன்மை மிக்க சிவப்பு மதுவை இளமையில் திறந்தால் துவர்ப்பு மேலோங்கும். பொறுத்தால் துவர்ப்பு அடங்கி மணம் விரியும். மிகப் பொறுத்தால் கனியின் சுவை வற்றிவிடும். புட்டிக்குள் நிகழ்வதைப் புறத்திலிருந்து அறிய வழியில்லை. ஆகவே ஒருவர் திறந்து பார்த்துச் சொல்லும் சொல் பிறருக்கு வழிகாட்டி. மூன்றே புட்டி உடையவர் ஒன்றைத் திறந்து தாம் கண்டதை உரைப்பது சிறிய ஈகையன்று.

மூன்றாவது, அறம் பற்றியது. உழைத்தவர் நட்பு விலைக்குத் தந்ததைப் பலமடங்கு விலைக்கு விற்பது முறையா? வாங்கிய பொருள் வாங்கியவர் உடைமை என்பார் ஒரு சாரார். தந்தவர் நோக்கத்துக்கு மாறாக நடப்பது பட்டியலின் உயிரையே அழிக்கும் என்பார் மறுசாரார். சட்டம் முதற்சாரார் பக்கம். என் மனம் மறுசாரார் பக்கம்.

தீர்ப்பும் தீயும்

சிற்றாலைகளின் உண்மையான இடர் வேறிடத்தில் இருந்தது. தன் மாநிலத்து ஆலைகளை நேரடியாக விற்கவிட்டு, அயல் மாநிலத்து ஆலைகளைத் தடுக்கும் சட்டங்கள் சில மாநிலங்களில் நிலவின. வர்ஜீனியாவில் சிறிய ஆலை நடத்திய சுவாநீட்டா சுவீடன்பர்க் என்னும் பெண்மணி நியூயார்க் மாநிலச் சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். மிச்சிகன் மாநில வழக்குடன் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 2005 மே 16ஆம் நாள், ஐவர்க்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் அப்பாகுபாடு செல்லாது என்றது. நேரடி விற்பனையை ஒரு மாநிலம் இசையலாம், மறுக்கவும் செய்யலாம், எதுவாயினும் அனைவர்க்கும் ஒப்ப அமைய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பெரும்புகழ் பெற்ற ஆலைகளைவிட, பெயரறியாச் சிற்றாலைகளுக்கே அத்தீர்ப்பு பேருதவியாயிற்று.

2020இல் வேறொரு சோதனை வந்தது. நாபா, சொனோமாப் பகுதிகளில் பெருந்தீ பரவியபோது, எரியாத தோட்டங்களின் கனிகளிலும் புகை ஏறிற்று. புகையேறிய திராட்சை சாம்பல் நாறும் மதுவையே தரும். பல ஆலைகள் அவ்வாண்டின் சிவப்பு மதுவை வெளியிடவே இல்லை. வெறும் அருமையை நம்பிய பட்டியலுக்கு அவ்வாண்டில் சொல்ல ஒன்றுமில்லை. மக்ரே இணையர் தொடங்கிவைத்த வகைப் பட்டியலுக்கோ அப்போதும் எழுத ஒரு செய்தி உண்டு: இவ்வாண்டு மது நன்றாக அமையவில்லை, ஆகவே அனுப்பவில்லை என்பதே அது.

ஒரு பீப்பாயில் 300 புட்டிகளுக்கு மேல் நிரம்பாது. அந்த எல்லையை மறைக்காமல் சொல்லி, உள்ளதை அறிந்தவர்க்குப் பங்கிடுவதற்காகத் தோன்றியது முகவரிப் பட்டியல். எல்லையையே விலையாக்கியபோது அது தன் இயல்பில் திரிந்தது. மீண்டும் நம்பிக்கையின் ஏடாக அது விளங்க வேண்டுமாயின், அதற்கு மடல் எழுதுவோரின் வாய்மை மட்டும் போதாது. மடல் பெறுவோர் புட்டியைத் திறந்து பகிரவும் வேண்டும்.