கரியடுப்பு முதல் நுண்ணலை வரை

வலப்பனைப் பக்கம் பெக்டரியைத் தாண்டிப் போனாலே தேயிலை காயுற வாசம் மூக்கில ஏறும். அந்தச் சூட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், கொழுந்தைக் கரியடுப்புக்கு மேல தட்டில் பரப்பிக் காயவைத்தார். பிறகு, அசாமில் தோட்டத்துரையாக இருந்த சாமுவேல் டேவிட்சனின் 'சிரொக்கோ' இயந்திரம் வந்தது. அடுப்பு மாறியது. விறகு சுமந்த தோள் மாறவில்லை. இன்றும் பல பெக்டரிகளில் விறகு எரித்துத்தான் காற்றைச் சூடாக்குகிறார்கள்.

சூடான காற்று இலையை வெளியிலிருந்து உள்நோக்கிக் காயவைக்கும். நுண்ணலை வேற மாதிரி. ராடாருக்கான மெக்னட்ரோன் குழாய் செய்த பேர்சி ஸ்பென்சர், 1945இல் தன் சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார். வீட்டு மைக்ரோவேவில் மின்புலம் செக்கனுக்கு 245 கோடி தடவை முன்னும் பின்னும் மாறுது. நீர் மூலக்கூறுகள் அதோடு திரும்பப் பார்த்து, ஒன்றோடொன்று மோதி, பொருளுக்குள்ளேயே சூடேறும். தொழிற்சாலைகளில் இறப்பரை வன்மையாக்கவும் உறைந்த இறைச்சியை இளக்கவும் இது உதவுது. சீனாவில் பச்சைத் தேயிலைக்கும் பயன்படுத்துறாங்க.

நாளைக்கு இது நம்ம மலைக்கு வந்தா, இலை எத்தனை நிமிசத்தில காயும்னு கணக்குப் போட ஆள் இருக்கும். நாங்க கேட்க வேண்டியது வேற: அடுப்பு வாயில நிக்கிறவருக்கு வெக்கை மட்டும் குறையுமா, வேலையும் சேர்ந்து போயிருமா?