சிறுநீர்ப்பைக்கும் ஒரு பேஸ்மேக்கர்

இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தால் ஊரெல்லாம் சொல்லுவோம். சிறுநீர்ப்பைக்கும் அப்படி ஒண்ணு இருக்குங்க. வைத்துக்கொண்டவர் வாயே திறப்பதில்லை.

1970களில் லண்டனில் ஜைல்ஸ் பிரிண்ட்லி, தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு சிறுநீர்ப்பையை மின்சாரத்தால் சுருக்கிக் காலி செய்யும் கருவியை உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் எமில் தனாகோவும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் முதுகுத்தண்டின் அடியில் இருக்கிற நரம்புக்கு லேசான மின்துடிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். அடங்காத அவசரம் அடங்கியது.

அமெரிக்க எஃப்.டி.ஏ. 1997ல் அடக்க முடியாமல் கசிபவர்களுக்கு அனுமதி தந்தது. 1999ல் சிறுநீர் வெளியேறாமல் தேங்குபவர்களுக்கும்! ஒரே கருவி, நேரெதிர் பிரச்னைகள். கோட் எழுதும் எனக்கு இதுதான் ஆச்சரியம். கருவி தசையை இழுத்துப் பிடிப்பதில்லை. நரம்புக்கும் மூளைக்கும் நடக்கும் பேச்சைச் சரி பண்ணுது.

முதலில் பேட்டரியை வெளியே வைத்து சில நாள் சோதனை. தொல்லை பாதியாவது குறைந்தால்தான் உள்ளே வைப்பார்கள். பழைய மாடல்களில் பேட்டரி தீர்ந்தால் மறுபடி ஆபரேஷன். வீட்டிலேயே சார்ஜ் செய்யும் மாடலுக்கு 2019ல் அங்கே அனுமதி கிடைத்தது.

நாற்பது வருஷ உழைப்பு கைக்கு வந்தாச்சு. பஸ் ஏறும் முன் பாத்ரூம் தேடி வைப்பவர், வெட்கத்தை விட்டு டாக்டரிடம் சொல்வதுதான் பாக்கி.