‘ஆட்சேபணை இல்லை’: கோரிக்கையின் இலக்கணம் குறித்துச் சில குறிப்புகள்

அண்மையில் ஒரு பயிலரங்கில் உட்கார்ந்திருந்தேன். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை தொடர்பாக மனு எழுத வேண்டும். பயிற்சியளிக்க வந்தவர் சொன்னார்: “மறிக்கக் கூடாது, தடுக்கக் கூடாதுன்னு எழுதாதீங்க. எது வேணுமோ அதை நேர்மறையா எழுதுங்க.” பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “அப்ப மறிக்கிறவனை எங்கேங்க எழுதுறது?” எல்லோரும் சிரித்தோம். கேள்விக்குப் பதில் வரவில்லை.

இலக்கை நேர்மறையாகச் சொல், கோரிக்கையை நேர்மறையாக வை என்பதெல்லாம் இன்று நிர்வாகப் பயிற்சியாளர்களின் சரக்காகிவிட்டது. சாதி எதிர்ப்பு அரசியலுக்குள் இது நூறாண்டு கடந்த பழைய வழக்கு. அந்த வழக்கைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம்.

‘தீண்டாமை’ என்ற சொல்லிலேயே தொடங்குவோம். இது எதிர்மறைத் தொழிற்பெயர். தீண்டாதவன் யார்? சாதி இந்து. ஆக, இச்சொல்லின் வினைமுதல் அவன்தான். ‘தீண்டாமை ஒழிப்பு’ என்று சொல்லும்போதும் மனம் மாற வேண்டியவனாக, மாறினால் பாராட்டப்பட வேண்டியவனாக அவனே நடுவில் நிற்கிறான். தெருவில் நடக்க வேண்டியவரும் குளத்தில் தண்ணீர் மொள்ள வேண்டியவரும் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறார்கள், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டது போலவே. ‘நாங்கள் இத்தெருவில் நடப்போம்’ என்று சொல்கிறபோதுதான் வினைமுதல் இடம் மாறுகிறது. நேர்மறை என்பதன் அரசியல் பொருள் முதலில் இதுதான்.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதை ஒட்டி அதே ஆண்டில் அரசாணை வெளியாயிற்று. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச்சாலைகளில் நடப்பதற்கும் பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றை அணுகுவதற்கும் ஆட்சேபணை இல்லை என்பது அதன் சாரம். இதை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. தெரு யாருடையது என்ற கேள்விக்கு அரசின் காகிதத்தில் ஒரு பதிலை வாங்கியது பெரிய காரியம். ஆனாலும் சொற்றொடரைக் கவனியுங்கள். ‘ஆட்சேபணை இல்லை’ என்பதில் நடப்பவரின் உரிமை நேரடியாக வரவில்லை. ஆட்சேபிக்கும் அதிகாரம் படைத்த ஒருவர் இம்முறை ஆட்சேபிக்கவில்லை என்பதுதான் வருகிறது. நேற்றுவரை மறித்தவனுக்கோ இந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

காகிதத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரத்தை மகாட் காட்டியது. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதாருக்குத் திறக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாட் நகராட்சியும் 1924இல் தன் பங்குக்குத் தீர்மானம் போட்டது. சவதார் குளம் அப்படியேதான் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போய்க் குளத்து நீரைக் குடித்தார்கள். பின்னாலேயே அடி விழுந்தது. வழக்கு நடந்து உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று. ‘குடிக்கலாம்’ என்ற சொல்லை மூன்று ஆண்டுகள் கழித்து ‘குடிக்கிறோம்’ என்று மாற்றியவர்கள் தண்ணீர் கேட்டுப் போனவர்கள் மட்டுமல்லர். தாங்களும் மனிதர் என்பதை நிலைநாட்டவே போகிறோம் என்று அவ்வாண்டு டிசம்பரில் அம்பேத்கர் தெளிவாகச் சொன்னார்.

இனி, பெயர்கள். 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. ‘அல்லாதார்’ என்ற பெயரிலேயே அளவுகோல் மற்றவன் கையில் இருக்கிறது. இன்னொருவர் இல்லை என்பதைச் சொல்லியா நம்மை நாம் அழைத்துக்கொள்வது என்ற சங்கடம் பெரியாருக்கும் இருந்தது. 1944 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனதன் பின்னால் இந்தச் சங்கடமும் உண்டு. சரி, எதிர்மறைப் பெயர் வைத்திருந்த காலத்தில் ஒன்றும் நடக்கவில்லையா? 1927இன் வகுப்புவாரி ஆணையைப் பாருங்கள். 12 இடங்கள். பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - கிறித்தவருக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. பெயர் எதிர்மறை, கோரிக்கை முழு நேர்மறை. எவரும் விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம். அந்தக் கடைசி 1, அல்லாதார் என்ற குடைக்குள் யார் எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்தே காட்டிக்கொடுத்தது. ‘திராவிடர்’ என்ற நேர்மறைப் பெயருக்குள் இந்தக் கணக்கு அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படவில்லை என்பதே 1990களில் தலித் விமர்சகர்கள் எழுப்பிய சண்டை.

நேர்மறைச் சொல் அடுத்தவர் கையிலிருந்தும் வரும். 1930களில் காந்தி பரப்பிய ‘ஹரிஜன்’ எவ்வளவு இனிப்பான சொல்! கடவுளின் மக்கள். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தமக்கு எடுத்துக்கொண்ட பெயருக்கு நொறுக்கப்பட்டவர் என்று பொருள். நம் பயிற்சியாளரின் விதிப்படி அது தோற்றுப்போன சொல். ஆனால் ‘நொறுக்கப்பட்டவர்’ என்றதுமே ‘நொறுக்கியது யார்’ என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. ‘ஹரிஜன்’ அந்தக் கேள்வியை எழவிடாமல் தடவிக் கொடுக்கிறது.

எனவே நேர்மறையா எதிர்மறையா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். ஒரு கோரிக்கையை எடுத்துக்கொண்டு மூன்றைக் கேட்க வேண்டும். வினைமுதல் யார்? செய்து கொடுக்கும் கடமை யாருடையது? நடந்ததா இல்லையா என்று எண்ணிப் பார்க்க முடியுமா? ‘சமூக நல்லிணக்கம் மலர வேண்டும்’ என்பது கேட்க நேர்மறைதான். இந்த மூன்றில் ஒன்றுக்கும் அதனிடம் பதில் கிடையாது. மலர வேண்டியதற்குத் தேதி போட முடியாது.

அன்று மாலை மனு இப்படி முடிந்தது: ‘எங்கள் சாவு ஊர்வலம் பொதுப்பாதை வழியாகப் போகும். போவதற்கு வட்டாட்சியர் பாதுகாப்புத் தருவார். இதுவரை மறித்தவர்கள் விவரம் கீழே.’ படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பெரியவர், “‘போகும்’னு இருக்குல்ல, இருக்கட்டும். அந்தக் கீழே உள்ளதையும் எடுத்துடாதீங்க” என்றார்.