ஒலி காட்டிய நரம்பு

விளையாடும்போது முழங்கையின் உட்புறத்தைச் சுவரில் இடித்துக்கொண்டதுண்டா? அக்கணமே மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வு சுண்டுவிரல் வரை ஓடுமன்றோ? அவ்வதிர்வைத் தந்தது எலும்பன்று, நரம்பு. அல்நார் என்னும் அந்நரம்பு முழங்கை எலும்பின் பின்னே, தோலுக்குச் சற்றே கீழே, போதிய காவலின்றிச் செல்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவதும், கையின் சிறு தசைகளுட் பெரும்பாலானவற்றை இயக்குவதும் அதுவே.

இதனை நான் நூலிற் கற்றதைவிட என் கையிற் கற்றதே மிகுதி. ஓய்வு பெற்றபின் ஒரு மழைநாளில், மயிலைத் தெப்பக்குளத்தருகே வழுக்கி விழுந்தேன். வலது முழங்கை முறிந்தது. தகடும் திருகாணியும் வைத்து எலும்பைப் பொருத்தினர். எலும்பு கூடிற்று, ஆனால் இரு விரல்கள் மரத்துப்போயின. முப்பத்தைந்து ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த கைக்குச் சட்டைப் பொத்தானும் வசப்படவில்லை.

காரணம் என்ன? நரம்பு அறுந்திருக்கலாம்; தழும்பினால் நெருக்குண்டிருக்கலாம்; அல்லது அடிபட்டு அயர்ந்திருக்கலாம். அயர்ந்த நரம்பு தானே தெளியும். அறுந்ததைத் தைத்தாக வேண்டும். பொறுத்திருந்து பார்ப்போமெனில், காலம் பொறுப்பதில்லை. பழுதுற்ற நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைகளை எட்டப் பத்து மாதங்களேனும் ஆகும். நரம்பின் ஏவலின்றி ஒன்றரை ஆண்டு கிடந்த தசை மீள்வதோ அரிது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. மின்சோதனை நரம்பின் பழுதை உரைக்கும். அது முற்றும் அறுந்ததா என்பதை உறுதியாக உரைக்காது. காந்தப் படத்தையோ அருகிலுள்ள உலோகம் கலைத்துவிடும்.

இவ்விடத்தில் உதவிக்கு வந்தது ஒலி. அதன் வரலாற்றைக் கேளுங்கள். 1880-ல் பிரான்சு நாட்டில் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் அப்படிகம் அதிரும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய, லாஞ்செவின் என்னும் அறிஞர் இப்பண்பைக் கொண்டு கடலுள் ஒலியை ஏவி, அதன் எதிரொலியைக் கேட்டார். 1942-ல் ஆஸ்திரிய மருத்துவர் டுசிக் அவ்வொலியால் மூளையை ஆராய முயன்றார். 1958-ல் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்டும் அவர்தம் துணைவரும் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் ஒலியாற் படமெடுத்து வெளியிட்டனர். கை கால் நரம்புகளை அவ்வாறு காணலாமென 1988-ல் போர்னாஜ் எழுதினார். அழிவுக்கு எதிராகக் கடலில் பிறந்த கருவி, இவ்வாறு படிப்படியே நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது.

நம் நாட்டிலும் இந்நரம்புக்கு ஒரு வரலாறு உண்டு. தொழுநோய் பெரிதும் தாக்கும் நரம்புகளுள் இதுவும் ஒன்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு, 1948 முதல், அந்நோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அந்நாளில் நரம்பின் தடிப்பை மருத்துவர் விரலால் தடவியே அறிந்தனர். 2009-ல் ஐதராபாத்து ஆய்வாளர்கள், அயல்நாட்டாருடன் கூடி, அதே தடிப்பை ஒலிப்படத்தால் அளந்து காட்டினர்.

நம் செவி விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேளாது. நரம்பைப் பார்க்கும் ஒலியோ ஒரு கோடிக்கும் மேற்பட்ட அதிர்வுகளை உடையது. அதிர்வு மிகுந்தால் நுண்மை கூடும், ஆழம் குறையும். தோலருகே செல்லும் அல்நார் நரம்புக்கு அதுவே பொருத்தம்.

தியாகராய நகரில் ஓர் இருட்டறையில் மருத்துவர் என் முழங்கையிற் பசை தடவிக் கருவியை மெல்ல நகர்த்தினார். திரையில் தேனடையின் குறுக்குவெட்டைப் போல் என் நரம்பு தோன்றிற்று. அது அறுபடவில்லை! தகட்டருகே தழும்பில் சிக்கி, அதற்கு மேலே வீங்கியிருந்தது. கையை மடக்கச் சொன்னார். சுற்றியவை அசைந்தன, நரம்பு அசையவில்லை. கை அசையும்போதே காணும் இவ்வசதி இம்முறைக்கே உரிய சிறப்பு.

இதற்கும் குறையுண்டு. உலோகத்தின் அடியில் மறைந்ததை ஒலி காட்டாது; பயிலாத கையில் அது பொய்யும் சொல்லும். ஆதலின் மின்சோதனையையும் ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்தார். தழும்பை அகற்றி நரம்பை விடுவித்தனர். ஓராண்டு கழிந்தது. சுண்டுவிரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. எனினும் இவ்வுரையை என் வலக்கையால்தான் எழுதினேன்.

மாணவர்களே, படிகத்தை அழுத்திப் பார்த்த அவ்விரு சகோதரர்களும் மயிலையில் ஒரு கிழவனின் விரலை எண்ணியிருக்க மாட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் சிறு சோதனையை, "இதனால் என்ன பயன்?" என்று யாரேனும் இகழ்ந்தால், அவர்களை நினைந்து மேலே செல்லுங்கள்.