தீ தின்ற ஏடுகள்

பாரிஸ் என்பர், ரோம் என்பர், இலண்டன் என்பர்! ஐரோப்பியத் தலைநகரங்கள் என்றதும் பலர் நாவில் எழும் பெயர்கள் இவையே. வானளாவும் கோபுரங்களையும் மன்னர்தம் மாளிகைகளையும் கண்டு வியக்க அங்கே கூட்டங் கூட்டமாகச் செல்கின்றனர். செல்லட்டும்! ஆனால், கல்லின் அழகோடு, கல்லுக்குள் உறங்கும் வரலாற்றையும் படிக்க விழையும் இளைஞன் காணவேண்டிய தலைநகரம் வேறொன்று உண்டு. அதுதான் பாஸ்னியா-ஹெர்சகோவினாவின் சரயேவோ!

சுற்றிலும் மலைகள், நடுவே மில்யாட்ஸ்கா என்னும் சிற்றாறு. துருக்கியர் 15-ஆம் நூற்றாண்டில் அமைத்த நகரம். 1531-இல் எழுந்த ஹுஸ்ரெவ் பேக் பள்ளிவாசல், 16-ஆம் நூற்றாண்டில் யூதர் கட்டிய தொழுகைக் கூடம், கிழக்குத் திருச்சபையின் பழங்கோயில், 1889-இல் முடிந்த கத்தோலிக்கப் பேராலயம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று நடை தொலைவில் நிற்கின்றன.

1878-இல் ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு இந்நாட்டைக் கைப்பற்றிற்று. ஆற்றங்கரையில் அவ்வரசு எழுப்பிய நகரமன்ற மாளிகை 1896-இல் திறக்கப்பட்டது. குதிரைலாட வளைவுகள், வரிவரியாய் வண்ணம் தீட்டிய சுவர்கள், ஒளி சிந்தும் கண்ணாடிக் கூரை! அந்த எழில் பாஸ்னிய மண்ணில் பிறந்ததன்று; எகிப்திலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கடன் பெற்றது. 'உங்கள் மரபைப் போற்றுகிறோம்' என்று ஆளப்படுவோர்க்குக் காட்ட, ஆள்வோர் பூண்ட வேடம் அது! 1914 ஜூன் 28 அன்று இம்மாளிகையில் வரவேற்புப் பெற்று வெளியேறிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு, அருகிருந்த பாலத்தருகே சுடப்பட்டார். முதல் உலகப் போர் மூண்டது.

ஏகாதிபத்தியம் மறைந்தது, மாளிகை நின்றது. 1949-இல் அது தேசிய, பல்கலைக்கழக நூலகமாயிற்று. ஆண்டவர் கட்டிய மண்டபத்தில் மாணவர் அமர்ந்து படித்தனர். அந்த மாளிகையின் வாழ்வில் இதைவிடச் சிறந்த காலம் எது?

பிறகு வந்தது 1992. சமயத்தின் பேராலும் இனத்தின் பேராலும் மக்கள் கூறுபோடப்பட்டனர். ஆகஸ்டு 25-ஆம் நாள் இரவு, நகரைச் சூழ்ந்த மலைகளில் நிலைகொண்டிருந்த பாஸ்னிய செர்பியப் படையின் குண்டுகள் நூலகத்தின்மீது பாய்ந்தன. தீயை அணைக்கப் போதிய நீரில்லை. நூலகரும் பொதுமக்களும் துப்பாக்கிச் சூட்டுக்கிடையே கைமாற்றிக் கைமாற்றி ஏடுகளைக் காத்தனர். காத்தது சிறிது, கருகியது பெரிது. அங்கிருந்த பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்களிற் பெரும்பகுதி எரிந்தது. நகரெங்கும் காகிதச் சாம்பல் மழையாய்ப் பொழிந்தது!

யார் குற்றவாளி? ஓர் இனம் முழுவதுமா? அன்று! பெல்கிரேடில் பிறந்த செர்பியரான யோவான் திவ்யாக், படைத்தலைவருள் ஒருவராய் நின்று அதே சரயேவோவைக் காத்தார். முற்றுகைக் கொடுமைகள் உள்ளிட்ட குற்றங்களுக்காக 2019-இல் வாழ்நாள் சிறை உறுதியாகப் பெற்ற ராடோவான் கராட்சிச்சோ, மனநல மருத்துவர். கவிதை நூல்கள் வெளியிட்டவர்! பட்டம் பெற்றிருந்தார், பாட்டும் எழுதினார். எனினும் பகையை வளர்த்தார். எழுத்தறிவு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

2014 மே 9 அன்று மாளிகை மீண்டும் திறக்கப்பட்டது. பழைய வரைபடங்களையும் படங்களையும் கொண்டு வளைவுகளைத் திரும்ப வளைத்தனர். வண்ணங்களைத் திரும்பத் தீட்டினர். கைவினைஞர் திறன் போற்றத்தக்கதே! ஆனால், ஒரே ஒரு படியாய் இருந்து எரிந்த சுவடியை எந்தச் சிற்பி திரும்பச் செதுக்குவான்?

இளைஞர்களே! பழங்கட்டடம் காணச் செல்லுங்கள். கட்டியவன் பெயரைக் கேளுங்கள். எதற்காகக் கட்டினான் என்றும் கேளுங்கள். எரித்தவன் எவன், அவன் கையில் தீப்பந்தம் தந்த எண்ணம் எது என்பதையும் கேளாமல் திரும்பாதீர்கள்!