தங்குமிடம் அறிந்து நடந்தோர்

வாலாஜாபாத்தை அடுத்துள்ள தென்னேரிக்குப் பெயர் தந்தது அதன் பேரேரியே. திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவிற்று என்பர். அத்திரையன், காஞ்சியில் இருந்து தொண்டை நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அவனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆனது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்குக் காஞ்சிக்கு வழி கூறுவதாக அந்நூல் அமைந்துள்ளது. மன்னன் புகழ் பாடும் அந்நூலுக்குள், பல நாள் நடந்து செல்வோருக்கான பயணத் திட்டம் ஒன்றும் அடங்கியிருக்கிறது.

வழி கூறும் பாணன் இத்தனை காவதம் என்று தொலைவை எண்ணிச் சொல்லவில்லை. எந்நிலத்தில் எவர் குடியிருப்பர், அவர் என்ன உணவு அளிப்பர் என்பதையே வரிசைப்படுத்துகிறான். முதலில் எயினர் குடிசைகள். அடுத்து ஆயர் பாடி. அங்கே தினைச்சோறும் பாலும் கிடைக்கும். முல்லை நிலத்து உழுகுடிகளிடம் வரகுச் சோறும் அவரைப் பருப்பும் கிடைக்கும். மருதத்தில் நெற்சோறும் கரும்பின் சாறும், அந்தணர் இல்லங்களில் மாதுளங்காயும் மாவடுவும் கிடைக்கும். வேட்டுவரும் வலைஞரும் அளிக்கும் ஊன் உணவையும் புலவர் மறைக்கவில்லை. நடப்பவனுக்கு முதலில் தெரிய வேண்டுவது அன்றிரவு தலை சாய்க்கும் இடம் என்பதை அப்பாணன் அறிந்திருந்தான்.

வழியின் காவலையும் அவன் உறுதிப்படுத்துகிறான். திரையன் நாட்டில் வழிப்பறி செய்வோர் இல்லை. இடியும் பாம்பும் காட்டு விலங்கும் துன்பம் செய்யா. ஆகவே களைத்த இடத்தில் இளைப்பாறி, விரும்பிய இடத்தில் தங்கிச் செல்லலாம் என்கிறான். மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகச் சாத்துகள் செல்லும் பெருவழியில் சுங்கம் கொள்ளப்பட்டதையும் வில்லேந்திய வீரர் காவல் இருந்ததையும் அந்நூலே காட்டுகிறது. அச்சமின்றி வெளியிடத்தில் துயில்வதற்கு அரசின் காவலும் ஊராரின் ஈகையும் ஒருங்கே வேண்டியிருந்தன.

பாணனுக்குக் குடியிருப்புகள் தங்குமிடம் ஆயின. இல்லறத்தாரோடு ஓரிடத்தில் நிலையாகத் தங்காத சமணத் துறவியருக்கு மலைக்குகைகளே உறையுள் ஆயின. இயற்கையான குகைத் தரையைச் சமன் செய்து, தலைப்பக்கம் சற்று உயரமாக விட்டுச் செதுக்கிய கற்படுக்கைகளைத் தமிழகம் எங்கும் காணலாம். குகையின் நெற்றியில் புருவம் போல் வெட்டிய விளிம்பு, மழைநீர் உள்ளே வழியாமல் தடுக்கும். இவற்றுள் பல பழைய பெருவழிகளை ஒட்டியே உள்ளன. மாங்குளத்துப் பள்ளிக்கு வெள்ளறை நிகமத்து வணிகர் கொடை அளித்தனர். புகலூரில் சேர மரபின் இளங்கடுங்கோ இளங்கோ ஆனபொழுது, ஆற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த துறவிக்கு உறையுள் வெட்டுவிக்கப்பட்டது. திருக்கோவலூர்ப் பகுதியின் சம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சி பாளி ஈந்த செய்தி 1981-இல் கண்டறியப்பட்ட கல்வெட்டால் உலகறிந்தது. நடந்து வருவோர் ஓர் இரவு தங்குவதற்கு இடம் செய்தல், தன் பெயரைக் கல்லில் பொறிக்கத்தக்க அறமாக அன்று கருதப்பட்டது.

துறவியரின் நடைக்கு வேறோர் இலக்கணமும் உண்டு. முன்னே நான்கு முழத் தொலைவு நோக்கி, சிற்றுயிர் மேல் அடி படாமல் நடக்க வேண்டும். கதிரவன் மறைந்தபின் உண்ணலாகாது. மழைக்காலத்தின் நான்கு மாதங்கள் ஓரிடத்தில் தங்க வேண்டும். புல்லும் புழுவும் பெருகும் அக்காலத்தில் நடப்பது கொலைக்கு ஏதுவாகும். ஆகவே எப்பொழுது புறப்படுவது, எங்கே நிற்பது என்பவற்றை அவர்களுக்கு வகுத்துத் தந்தது கொல்லாமை நோன்பே.

இதனைச் சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் நடந்து காட்டுகிறார். புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனையும் கண்ணகியையும் அழைத்துச் செல்லும்போது அவர் எடுத்துக்கொண்டவை பிச்சைப் பாத்திரமும் தோளில் ஒரு துணியும் மயிற்பீலியும் மட்டுமே. புறப்படுமுன் இரு வழிகளின் இடர்களையும் ஆராய்கிறார். சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சருகும் பூவும் மூடியிருக்கும். வயல் வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். நாள் ஒன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடவாமல், இடையிடையே பல நாள் தங்கிச் சென்றனர். பாண்டி நாட்டு வெயிலைக் கண்ணகி தாங்காள் எனக் கோவலன் வேண்டியபொழுது, அடிகள் இரவு நடைக்கு இசைந்தார். துறவு ஒழுக்கத்துக்கு அஃது அரிய நெகிழ்வு. ஆயினும் நிலவு எழும்வரை காத்திருந்தே நடந்தனர். பல்லுயிரையும் காக்கும் ஒளியாக நிலவைக் கண்டனர். மதுரையை அடைந்த பின்னும் அயர்ந்துவிடாமல், கோட்டைக்கு வெளியே அறவோர் வாழும் புறஞ்சேரியில் தங்கினர்.

இன்று பழைய வழிகளில் நடந்து, வெளியிடத்தில் இராத்தங்கும் ஆர்வம் இளையோரிடம் வளர்ந்துள்ளது. நற்செய்தியே. ஆனால் காவலும் திட்டமும் இன்றி மலை ஏறுவதன் விலை என்ன என்பதை 2018 மார்ச்சு மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டுத்தீ உணர்த்தியது. மலையேறச் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 வழிகளைப் பதிவு முறையில் திறந்தது. கோடையின் தீக்காலத்தில் அவை மூடப்படும். காப்புக் காட்டில் வனத்துறையின் இசைவு வேண்டும். தொல்லியல் துறையின் காவலில் உள்ள குகைகளில் இரவு தங்க முயல்வது முறையன்று. அங்கே அடுப்பு மூட்டினால் புகையும் கரியும் ஈராயிரம் ஆண்டு எழுத்தை அழித்துவிடும்.

குகையில் தங்காமலே பழைய நடையை மேற்கொள்ள நம் குடும்பங்களுக்கு வழி உண்டு. இருகப்பர் 1387-ஆம் ஆண்டளவில் சங்கீத மண்டபம் எழுப்பிய சினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்திலிருந்து, ஆசாரிய குந்தகுந்தரின் திருவடி போற்றப்படும் பொன்னூர் மலை வரை நடந்து செல்லலாம். இஃது ஒரு நாளில் முடியும் நடை அன்று. இடையில் கரந்தை, திருப்பணமூர் போன்ற சமணர் வாழும் ஊர்கள் உண்டு. வரும் நாளையும் ஆட்களின் எண்ணிக்கையையும் முன்னரே ஊராருக்கு அறிவித்து, மழைக்காலமும் கடுங்கோடையும் நீக்கி, விடியலில் புறப்பட வேண்டும். வெயில் ஏறுமுன் பெரும்பகுதி நடந்து, பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்ந்து உண்டுவிட வேண்டும். வடிகட்டிய நீரும் மெல்லிய விரிப்பும் கைவிளக்கும் போதும். முதியோரின் நடை எவ்வளவோ அதுவே அனைவரின் நடையாகட்டும்.

இராத்தங்கும் ஊரில் கதவைத் திறந்து வைப்போரும் அந்நடையில் பங்கு கொண்டவரே. அதியமான் ஈந்த பாளியும் வெள்ளறை வணிகர் அளித்த கொடையும் அத்தகைய பங்கேயாம். நடந்து வரும் துறவியருக்கும் அடியவருக்கும் திண்ணையும் நீரும் பகலுணவும் ஆயத்தமாக வைத்திருக்கும் ஊர்கள் இருக்கும்வரை, கல்லில் பொறித்த அவ்வறம் மறையாது.